வக்கீலிடம் போனில் கேட்டது

எனக்கு ஆளின் முகத்தைப் பார்த்துப் பேச வராது. போனில் என்றால் பேசுவேன். உரக்கடைக்காரர், டிராக்டர்காரர், நெல் அறுக்கும் மிஷின்காரர் எல்லாரிடமும் போனில் நன்றாகத்தான் பேசுகிறேன். அதே ஆள் எதிரில் வந்து நின்றால் எனக்கு வார்த்தை வராது. ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். வாத்தியார் பெயர் கூப்பிட்டால் பக்கத்தில் உட்கார்ந்த பெண்தான் எனக்கும் சேர்த்துக் குரல் கொடுப்பாள்.

கல்யாணத்துக்குப் பிறகு அந்த வேலையை என் ஓரகத்தி எடுத்துக்கொண்டாள். என் கொழுந்தனாரின் மனைவி. கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே, கம்பெனிகள் முடிகிற இடத்தில் எங்கள் இரண்டு பேர் நிலமும் பக்கம் பக்கமாக இருக்கிறது. வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் இறந்துபோய்விட்டார்கள். பயிர் வைப்பதை நாங்கள் விடவில்லை.

ரோட்டிலிருந்து எங்கள் நிலத்துக்கு ஒரே ஒரு வண்டிப்பாதைதான். அதன் இரண்டு பக்கமும் இருந்த இடத்தை ஒரு குடோன்காரர் வாங்கினார். போன வருஷம் அறுப்பு முடிந்து வைக்கோலைக்கூட எடுக்கவில்லை, பாதையின் குறுக்கே கயிறு கட்டிச் சுவருக்குக் கடைக்கால் தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். மேஸ்திரியிடம் ஓரகத்தி சண்டைக்குப் போனாள்.

"இது எங்க ஓனர் எடம்மா. பாதைன்னு ஒண்ணும் கெடையாது" என்றார் அவர்.

"பாதை இல்லாமதான் நீ லாரியில கல்லு ஏத்திக்கினு வந்தியா?"

அவர் தோண்டுவதை நிறுத்தவில்லை. சுவர் எழும்பிவிட்டால் டிராக்டர் உள்ளே போகாது. நிலம் எங்கள் பெயரில் இருக்கும், ஆனால் நாற்று நட முடியாது. தாலுகா ஆபீசில் மனு கொடுத்தோம். தனியார் பட்டா இடம், சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

"யக்கா, கெளம்பு. பெரிய வக்கீல் ஒருத்தர் கீறாராம்" என்று ஓரகத்தி என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

மாடியில் ஆபீஸ். கூட்டம் நிறைய இருந்தது. எங்கள் முறை வந்ததும் ஓரகத்தி மூச்சுவிடாமல் பேசினாள். பாதி நேரம் மேஸ்திரியைத் திட்டுவதிலேயே போனது. வக்கீல் பாதி கேட்டார், பாதி போனைப் பார்த்தார்.

"நூத்துக்கு நூறு ஜெயிச்சிடலாம்மா. நீங்க ஒண்ணும் பேச வேணாம். எல்லாம் நான் பாத்துக்கிறேன்."

பேச வேண்டாம் என்றதும் எனக்கு வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. குமாஸ்தா ஒரு தாளை நீட்டினார். வக்காலத்து என்று மேலே அச்சடித்திருந்தது. அதற்குக் கீழே எதுவும் எழுதவில்லை, கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி மட்டும் இருந்தது. ஓரகத்தி கட்டை விரலா, கையெழுத்தா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. அறுக்கும் மிஷினைக் கூப்பிடும்போது நான் சிலதைக் கேட்டுத்தான் கூப்பிடுவேன். நீயே ஓட்டுவியா, வேறு ஆளை அனுப்புவியா? எனக்கு முன்னால் எத்தனை பேர் நிலம் பாக்கி? ஈரத்தில் மாட்டிக்கொண்டால் யார் இழுப்பது? இதெல்லாம் கேட்கும் முன்பே 'எந்தச் சேற்றிலும் போகும்' என்று சொல்கிறவரை நான் கூப்பிட மாட்டேன். ஒரு நாள் வேலைக்கு வரும் மிஷினுக்கு இவ்வளவு கேட்கிற நான், வருஷக்கணக்கில் நடக்கப்போகிற கேசுக்கு ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போடுவதா?

கேட்கவேண்டும். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் வார்த்தை வரவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று கீழே இறங்கினேன். மாடிப்படி அடியில் அவருடைய போர்டு இருந்தது, அதில் நம்பரும் இருந்தது. போட்டுவிட்டேன்.

"வக்கீல் சாருங்களா? ஒரு கேசு குடுக்கணும். கோர்ட்டுக்கு நீங்களே வருவீங்களா, வேற ஆள அனுப்புவீங்களா?"

"ஜூனியர் போவாங்க. முக்கியமானதுக்கு நான் வருவேன்."

"முக்கியமானதுன்னா எது சார்?"

"யாரும்மா பேசறது?"

"அடுத்த தேதி எப்பன்னு எனக்கு யாரு சொல்லுவாங்க? பீசு இன்னா ஏதுன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

"அதெல்லாம் நேர்ல வாங்க, பேசிக்கலாம்."

"இன்னும் ஒண்ணே ஒண்ணு சார். எதிர்ப் பார்ட்டிக்கு நீங்க எதனா எழுதிக் குடுத்துகீறீங்களா?"

"எந்தப் பார்ட்டி?"

குடோன்காரர் பெயரையும் எங்கள் ஊர்ப் பெயரையும் சொன்னேன். போனுக்குள்ளிருந்து என் ஓரகத்தியின் குரல்தான் கேட்டது: "எங்கக்கா தண்ணி குடிக்கப் போச்சா, கெணறு வெட்டப் போச்சா தெரிலயே!"

"அம்மா, நீங்க கீழதான் நிக்கிறீங்களா?" என்றார் வக்கீல்.

"ஆமா சார்."

"மேல வாங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டே ஏறினேன். நல்ல திட்டு விழும் என்று நினைத்தேன். அவர் குமாஸ்தாவிடமிருந்து அந்தத் தாளை வாங்கி இரண்டாகக் கிழித்தார்.

"அந்த எடத்துக்குக் கிரயப் பத்திரம் எழுதினதே நான்தாம்மா. இவங்க பேசினதுல பேரை நான் சரியா கவனிக்கல, தப்புதான். உங்க கேசை நான் எடுக்கக் கூடாது. வேற ஆளைப் பாருங்க."

படி இறங்கும்போது ஓரகத்தி பொரிந்து தள்ளினாள். "ஏங்க்கா, அத மேல உக்காந்துகினே கேட்டா வாயில இருக்கிற முத்து கொட்டிடுமா?" பஸ் ஏறிய பிறகு அவளே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அடுத்து பொன்னேரியில் ஒரு வக்கீலம்மாவிடம் போனோம். என் மகள் வயது இருக்கும். சின்ன அறை, ஒரே மேஜை. உட்கார்ந்ததும், "பத்திரம் கொண்டு வந்தீங்களா?" என்று கேட்டார். மாமனார் காலத்துப் பத்திரத்தைக் கொடுத்தேன். வரி வரியாகப் படித்துக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் விரலை வைத்து என் பக்கம் திருப்பினார். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'மாமூல் வழிநடை பாத்தியமும் வண்டி ஓட்டிப்போகும் பாத்தியமும் உட்பட' என்று இருந்தது. மாமூல் என்றால் காலங்காலமாக இருந்து வருவது, பாத்தியம் என்றால் உரிமை என்றார். இத்தனை வருஷமாக அது என் டிரங்குப் பெட்டியில்தான் இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

இந்த முறை மேஜையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் கேட்டேன். கோர்ட்டுக்கு நானே வருவேன், வரமுடியாத நாளில் முன்கூட்டியே போன் செய்வேன் என்றார். பீசைத் தாளில் எழுதிக் கொடுத்தார். குடோன்காரரைத் தனக்குத் தெரியாது என்றார்.

"ஜெயிச்சிடுவோமா மேடம்?" என்றாள் ஓரகத்தி.

"அத இப்ப சொல்ல மாட்டேம்மா. கேஸ் முடியற வரைக்கும் பாதையை அடைக்கக் கூடாதுன்னு தடை கேப்போம். பத்திரத்துல இப்படி இருக்கிறதால அது கிடைக்க வாய்ப்பு இருக்கு."

நான் கேட்க பயந்ததைக் கடைசியில் கேட்டேன். "நான் பேச வேண்டி வருமா?"

"வரும்மா. கூண்டுல ஏறி நீங்கதான் சொல்லணும்."

"இவ நல்லா பேசுவா. இவளே சொல்லட்டுமே" என்று ஓரகத்தியைக் காட்டினேன்.

"பத்திரம் உங்க ஊட்டுக்காரர் பாகத்துக்கு வந்தது. நீங்கதான் முதல் சாட்சி, இவங்க ரெண்டாவது. அந்தப் பாதையில நான் நடந்தவ இல்லியே, நீங்கதானே நடந்தீங்க?"

எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். பேச வேண்டாம் என்று சொன்ன வக்கீல் எவ்வளவு சுகமாக இருந்தார்! ஆனால் இவர் சுகமான பதில் ஒன்றுகூடச் சொல்லவில்லை, கேட்டதற்கெல்லாம் நேராகச் சொன்னார். வக்காலத்தை முழுதாக எழுதி, எனக்குப் படித்துக்காட்டிய பிறகுதான் பேனாவைக் கொடுத்தார். போட்டேன்.

தடை கிடைத்தது. சுவர் இரண்டு பக்கமும் வந்து பாதையின் ஓரத்தில் நின்றது. அந்தப் போகம் நட்டு அறுத்தோம்.

இந்த வருஷம் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிர்த்தரப்பு வக்கீல், "அது பாதைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? சும்மா காலியா கெடந்த இடம்தானே?" என்று கேட்டார்.

எனக்கு வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. ஜட்ஜ் ஐயா, "மெதுவா சொல்லுங்கம்மா, அவசரமில்ல" என்றார்.

"அது பாதை இல்லன்னா, நான் கல்யாணமாகி வந்ததுலர்ந்து எங்க நெல்லு எப்படி சார் ரோட்டுக்கு வந்துச்சு?"

எதிர்த்தரப்பு வக்கீல் தாளைப் புரட்டினார். ஜட்ஜ் ஐயா நான் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்ல, பக்கத்தில் இருந்தவர் டைப் அடித்தார். இன்னும் ஏழெட்டுக் கேள்வி கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

வெளியே வந்ததும் வக்கீலம்மா, இதுவே போதும், இரண்டாவது சாட்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஓரகத்திக்குத் தாங்கவில்லை. "காலைலர்ந்து நாஷ்டா கூட துன்னாம, வாயக் கட்டிக்கினு உக்காந்திருந்தேன். என்னக் கூப்பிடவே இல்லியே!"

தீர்ப்பு இன்னும் வரவில்லை. ஊருக்குத் திரும்பும்போது ரோட்டிலேயே பஸ்ஸை விட்டு இறங்கி, நாற்றைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று பாதைக்குள் நடந்தோம். குடோன் வாட்ச்மேன் வழியில் நிறுத்தியிருந்த சைக்கிளை, நாங்கள் கேட்காமலே எழுந்து வந்து ஓரமாகத் தள்ளி வைத்தார்.