படி பூஜையும் மாவு கிரைண்டரும்

மாலை போட்டிருக்கும் நாற்பத்தெட்டு நாளும் என்னை யாரும் திட்ட முடியாது. ஒரு பக்தன் வாயால் இதைச் சொல்லக் கூடாதுதான். ஆனால் கார்த்திகை முதல் தேதி குருசாமி கையால் துளசி மாலையைக் கழுத்தில் வாங்கிக்கொள்ளும்போது, ஐயப்பன் நினைப்புக்கு அடுத்தபடியாக என் மனதில் ஓடுவது அதுதான். மாலை போட்டவனைப் பெற்ற தாயும் 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும். கட்டின மனைவியும் அப்படித்தான். கடன் கொடுத்தவனுக்கும் வேறு வழியில்லை.

எனக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் மில்லில் வேலை. பதினான்கு வருடமாகக் காண்ட்ராக்ட். பத்தாவதில் கணக்குப் பாடத்தில் ஃபெயிலானவன் நான். என் கடன்களைப் பார்த்தால் அதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. வண்டிக்கு ஒரு தவணை, டிவிக்கு ஒன்று, போனுக்கு ஒன்று. போன் கீழே விழுந்து உடைந்து ஆறு மாதம் ஆகிறது. தவணை மட்டும் உடையாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த வருடம் வண்டித் தவணை வசூலுக்கு வருகிறவரும் மாலை போட்டிருந்தார். கறுப்பு வேட்டி, தாடி, நெற்றி நிறைய சந்தனம். வாசலில் வந்து நின்றதும் இரண்டு பேரும் குனிந்து ஒருவர் காலை ஒருவர் தொட்டுக்கொண்டோம்.

"ரெண்டு மாசம் பாக்கி நிக்குது சாமி."

"தெரியும் சாமி."

"எப்ப சாமி கட்டுவீங்க?"

"அவரு என்னிக்கு வழி உடுறாரோ அன்னிக்கு சாமி."

"மேனேஜர் கிட்ட நான் இன்னா சாமி சொல்றது?"

"நான் ஊட்ல இல்லன்னு சொல்லிடுங்க சாமி."

அவர் காதைப் பொத்திக்கொண்டார். "மாலை போட்டுக்கினு பொய் சொல்லச் சொல்றீங்களே சாமி! உங்களுக்கே நல்லாருக்குதா?"

விபூதி பூசிக்கொண்டு, ஒரு தம்ளர் பால் குடித்துவிட்டுப் போனார். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக நிம்மதியாகவும் இருந்தது.

விரதத்தில் எனக்கே தெரியாத ஒன்று நடந்துகொண்டிருந்தது. மில் கேட்டுக்குள் சேஃப்டி ஷூ, கேட்டைத் தாண்டினால் வெறுங்கால், இரவில் வெறும் பாய். டீக்கடை போண்டா இல்லை, பாக்குப் பொட்டலம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை மட்டன் இல்லை, சம்பள நாளன்று ரகசியமாகப் போகும் இடத்துக்குப் போவதும் இல்லை. இப்படி நான் தின்னாமல் குடிக்காமல் விட்டதையெல்லாம் என் மனைவி அரிசி டின்னில் போட்டு வைத்தாள். மாதம் முடிந்தபோது வண்டித் தவணை இரண்டையும் அவளே கட்டிவிட்டு வந்தாள். முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு சோறு போடும்போது சொன்னாள்.

"வருசம் பூரா மாலையோடவே இருங்களேன் சாமி. உடம்பும் நல்லாருக்கும், துட்டும் நிக்கும்."

இதைக் கேட்டு ஒழுங்கான ஆள் என்ன செய்வான்? இனிமேல் இப்படியே இருப்போம் என்று நினைப்பான். எனக்கோ பெருமை வந்துவிட்டது. எவ்வளவு எளிமையாக வாழ்கிறேன்! இதை நாலு பேர் பார்க்க வேண்டாமா? நாலு பேர் என்ன, முந்நூறு பேர் பார்க்கட்டும். வீட்டு வாசலில் சாமியானா போட்டு, வாழைத்தண்டில் பதினெட்டுப் படி கட்டி, படிக்குப் படி விளக்கேற்றி, படி பூஜை செய்து அன்னதானம் போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். போன வருடம் எங்கள் மில் பேக்கிங்கில் இருப்பவர் இருநூறு பேருக்குப் போட்டார். அந்த இருநூறு என் மனதில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்ததை ஐயப்பனிடமே மறைத்திருந்தேன்.

பணம்? அதுதான் வீட்டிலேயே இருந்ததே.

என் மனைவி இட்லி மாவு அரைத்து விற்கிறாள். வீட்டு கிரைண்டரில் நான்கு ஈடு அரைத்தால் மோட்டார் சூடாகி நின்றுவிடும். அது ஆறும்வரை விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கவரைப்பேட்டை ரோட்டில் தொழிலாளர்களுக்கு மெஸ் நடத்துகிற ஒருவர், தை பிறந்ததும் தினமும் பத்துப் படி மாவு எடுத்துக்கொள்கிறேன், மார்கழியிலேயே ஒரு நாள் சாம்பிள் கொண்டு வந்து காட்டு, முடியாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். அதற்காகவே பெரிய கிரைண்டர் வாங்க மகளிர் குழுவில் முப்பத்தைந்தாயிரம் லோன் எடுத்திருந்தாள். ஆறு பெண்கள் சேர்ந்த குழு. இவள்தான் தலைவி. ஒருத்தி தவறினால் மற்ற ஐந்து பேருக்கும் அடுத்த லோன் வராது. பணம் பீரோவில் இருந்தது. கடைக்குப் போக நாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மற்ற நாளாக இருந்தால் அந்தப் பணத்தைக் கேட்க எனக்குத் தைரியம் வராது. கேட்டாலும் கரண்டிதான் கிடைக்கும். ஆனால் மாலை போட்டவன் கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. சாமியே கேட்ட மாதிரி. இது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தெரிந்தேதான் கேட்டேன், அதுவும் காலை பூஜை முடிந்து கற்பூரத் தட்டு கையில் இருக்கும்போது.

"பொங்கலுக்கு போனஸ் வந்ததும் வெச்சிடறேன்."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்துக் கும்பிட்டாள். "எடுத்துக்கோங்க சாமி" என்றாள்.

அன்றைக்கே ஃப்ளெக்ஸ் அடித்துவிட்டேன். இரண்டாயிரம் ரூபாய். தெருமுனையில் கட்டிய பிறகுதான் கவனித்தேன், அதில் ஐயப்பன் மேல் மூலையில் தீப்பெட்டி அளவில் இருந்தார். கீழே ஆளுயரத்துக்குக் கைகூப்பி நின்றவன் நான். மில்லில் ஒருவர், "ஃப்ளெக்ஸ்ல யாரு சாமி அந்த சின்ன ஆளு?" என்று கேட்டார்.

அடுத்த நாள் மனைவிக்கு போன் வந்தது. குழுவுக்கு லோன் கொடுத்த ஆபீஸ் மேடம் செவ்வாய்க்கிழமை வருகிறாராம். லோனில் வாங்கிய பொருளோடு ஆளை நிறுத்தி போட்டோ எடுக்க வேண்டுமாம். இது எப்போதும் நடப்பதுதான். தையல் மிஷினோடு ஒருத்தி, ஆட்டுக்குட்டியோடு ஒருத்தி நிற்கிற போட்டோவெல்லாம் அந்த மேடத்தின் போனில் இருக்கிறது. என் மனைவி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. போனைச் சுவரோரம் வைத்துவிட்டு உளுந்து பொறுக்கப் போய்விட்டாள். கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எனக்கு உடனே யோசனை வந்தது. எனக்கு வரும் யோசனைகள் எல்லாம் உடனே வருகிறவைதான். ஸ்டேஷன் பக்கம் டிபன் கடை வைத்திருக்கும் அக்காவிடம் ஒரு வேளைக்குப் பெரிய கிரைண்டரைக் கேட்டு வாங்கினேன். அதை ஏற்ற வண்டி கிடைக்கவில்லை, மீன்பாடி வண்டி ஒன்றுதான் கிடைத்தது. காலையில் பழவேற்காட்டு மீன் இறக்கிய வண்டி. கத்திரிக்காயைக்கூட மூன்று தடவை கழுவித் தின்கிற விரதத்தில், கழுத்தில் மாலையோடு, வெறுங்காலோடு, மீன் நாற்றத்தின் நடுவே கிரைண்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்தேன். வழியெல்லாம் ஆட்கள் கும்பிட்டார்கள். ரயில்வே கேட்டில் நின்றபோது ஒரு பெரியவர் கிட்டே வந்தார்.

"இன்னா சாமி, கோயிலுக்கு உபயமா?"

நான் இல்லை என்று சொல்லவில்லை. அவர் கிரைண்டரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு மேடம் வந்தார். குழுவின் மற்ற ஐந்து பெண்களும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். கிரைண்டருக்குப் பொட்டு வைத்து, பூச் சுற்றி, கூடத்தின் நடுவில் நிறுத்தியிருந்தேன். மனைவி பக்கத்தில் போய் நின்றாள். அந்தக் கிரைண்டரை அவள் கையால்கூடத் தொடவில்லை.

மேடம் போனை எடுத்தவர், என்னைப் பார்த்துக் கையைத் தாழ்த்தினார்.

"மாலை போட்ட ஊட்ல நான் பில்லு எல்லாம் கேக்க மாட்டேன். சாமி சொன்னா போதும். சாமி, இது நீங்க வாங்கின மிஷின்தானே?"

என் வாய் திறந்தது. ஆமாம் என்று சொன்னால் மூன்று எழுத்தில் முடிந்துவிடும். இல்லை என்றால் அவள் ஆறு வருடமாகக் கட்டிக் காத்த பெயர் ஐந்து பெண்களுக்கு முன்னால் போகும், தைக்கு மெஸ் ஆர்டரும் போகும். கழுத்தில் மாலை கனத்தது.

"சாமி சரணம்" என்றேன்.

"சரணம் சாமி. மிஷின் உங்களுதா?"

"சாமியே சரணம் ஐயப்பா."

குழுவில் ஆட்டுக்குட்டி வாங்கிய பெண் பக்கத்தில் இருந்தவளிடம், "இன்னாடி இது, கேக்குறதுக்கெல்லாம் சரணம் போட்டுக்கினு கீறாரு?" என்றாள்.

என் மனைவி கிரைண்டரை விட்டு ஓரடி தள்ளி நின்றாள்.

"எங்குளுது இல்ல மேடம். ஸ்டேஷன் டிபன் கடை அக்காவுது. துட்டு பீரோல கீது. ரெண்டாயிரம் கம்மியா கீது. படி பூஜைக்குன்னு கேட்டாரு, குடுத்தேன். சாமி கேட்டா இல்லன்னு சொல்ல முடியுமா?"

மேடம் என் மாலையைப் பார்த்தார். பிறகு கேட்டார். "யாரும்மா கேட்டது, ஐயப்பனா?"

அவள் நிதானமாக யோசித்தாள்.

"இல்ல மேடம். இவருதான் கேட்டாரு."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். மேடமும் போனால் வாயை மறைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பேன். மாலை போட்டவனைத் திட்டக் கூடாது என்பதால் ஆறு பேரும் மரியாதையாகச் சிரித்தார்கள். "வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் சாமி" என்று சொல்லிவிட்டு மேடம் கிளம்பினார்.

அவர்கள் போன பிறகு ஐயப்பன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். சாமி பேரைச் சொல்லிப் பெண்டாட்டி காசைப் பிடுங்கினேன் என்று சத்தமாகவே சொன்னேன். அடுப்படியில் அவளுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் சொன்னேன். பாத்திரம் தேய்க்கும் சத்தம் கொஞ்சம் குறைந்தது போல இருந்தது.

சாயங்காலம் தெருமுனைக்குப் போய் ஃப்ளெக்ஸை நானே அவிழ்த்தேன். சாமியானாக்காரரிடம் வேண்டாம் என்று சொன்னேன். "முந்நூறு பேருக்கு அன்னதானம்னு ஊரெல்லாம் போட்டுக்கினு இப்ப வேணாம்னா இன்னா சாமி, பேஜாரு பண்றீங்க" என்றார். வாஸ்தவம்தான். குறைந்த இரண்டாயிரத்தை மலைக்குப் போகும் வேன் காசிலிருந்து எடுத்து வைத்தேன். மற்ற சாமிகள் வேனில் போகட்டும், நான் ரயிலில் நின்றுகொண்டு போகலாம். வெள்ளிக்கிழமை காலை இரண்டு பேரும் பொன்னேரிக்குப் போய்க் கிரைண்டர் வாங்கினோம். கடையில் நான் வாயைத் திறக்கவில்லை. கல்லைத் தட்டிப் பார்த்ததும், மோட்டாருக்கு வாரண்டி கேட்டதும், விலையில் எண்ணூறு ரூபாய் குறைத்ததும் அவள்தான். மதியம் மேடம் வந்து போட்டோ எடுத்தார். அதில் என் மனைவி கிரைண்டரின் மேல் கையை அழுத்தி வைத்திருக்கிறாள், யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்பது போல.

சனிக்கிழமை சாயங்காலம் பூஜை வைத்தோம். பக்கத்து வீட்டில் கட்டட வேலைக்கு இறக்கியிருந்த செங்கல்லைக் கேட்டு வாங்கிப் பதினெட்டுப் படி அடுக்கினேன். வந்தது பன்னிரண்டு சாமிகள், குழுப் பெண்கள், பக்கத்து வீட்டார். எல்லாருக்கும் சுண்டலும் வெண்பொங்கலும். பேக்கிங்காரரும் வந்தார். எண்ணிப் பார்த்திருப்பார். எண்ணட்டும்.

குருசாமி கற்பூரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, அடுப்படிப் பக்கம் திரும்பினார். மாவு அரையும் சத்தத்தில் அவர் சொல்வது யாருக்கும் கேட்கவில்லை.

"ஆரம்பிக்கலாமா?" என்று கத்தினார்.

அவள் கையெல்லாம் உளுந்து மாவோடு எட்டிப் பார்த்தாள். "கால் மணி நேரம் சாமி. உளுந்து பாதியில கீது. இப்ப நிறுத்தினா பொங்காது. விடிஞ்சா மெஸ்ஸுக்கு சாம்பிள் தரணும்."

குருசாமி என்னைப் பார்த்தார். நிறுத்து என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் நிறுத்துவாள். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

"உட்காருங்க சாமி" என்று பாயைத் தட்டிப் போட்டேன்.

பன்னிரண்டு சாமிகளும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியாக அது நின்றது. அவள் கல்லை வழித்து, மாவைத் தூக்கில் ஊற்றி மூடி, கையைக் கழுவிக்கொண்டு, முந்தானையில் துடைத்தபடி வந்து பெண்களோடு நின்றாள்.

"ம், ஆரம்பிங்க" என்றாள்.