பூசை வைத்த சைக்கிள்

தனுஷிகாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் ஸ்காபரோவில் இல்லை. கல்யாண வீட்டில் கேட்டார்கள். கடையில் மீன் வெட்டுகிறவர் கேட்டார். பல் டொக்டர்கூட அவள் வாயைத் திறந்துகொண்டு கிடந்த நேரத்தில் கேட்டார்.

"பிள்ளை என்ன வேலை?"

"சைக்கிள் ஓடுறன்."

"அது சரி. வேலை?"

அவள் சுவீடனில் பிறந்தவள். அப்பாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை. அவர்கள் இருந்த தொடர்மாடிக்குப் பின்னால் ஊசியிலைக் காடு. பதினொரு வயதில் பள்ளிக்கூடக் கழகத்தோடு அந்தக் காட்டுக்குள் சைக்கிளோடு இறங்கியவள் பிறகு வெளியே வரவேயில்லை என்று அம்மா சொல்லுவாள். வேர், கல், சேறு, ஏற்றம், இறக்கம். ஒன்றரை மணித்தியாலத்தில் அதே வட்டத்தை ஐந்து தடவை சுற்றிவர வேண்டும். இருபத்திரண்டு வயதில் ஒரு சிறிய சுவீடிஷ் அணி அவளை ஒப்பந்தம் செய்தது. கோடையில் கனடாவிலும் அமெரிக்காவிலும் ஓட வேண்டும். சைக்கிளும் உடுப்பும் விமானச் சீட்டும் அணி தரும், தங்குமிடம் தராது. அதனால் கனடாவில், ஸ்காபரோ மோர்னிங்சைட்டில் இருந்த சச்சிதானந்தன் மாமாவின் பேஸ்மென்ட் அவளுடையதானது. மூன்று கோடையாக அங்கேதான்.

மாமாவுக்கு இந்த வேலை கடைசி வரை விளங்கவில்லை. "ஊரில நாங்கள் எல்லாரும் சைக்கிள்தான் ஓடினனாங்கள். எங்களுக்கு ஒருத்தனும் கொன்ராக்ற் தரேல்லையே."

2009 சித்திரையில் அணி மனேஜர் ஹென்றிக்கிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. மே பதினேழாம் திகதி ஓட்டத்தில் முதல் எட்டு இடத்துக்குள் வர வேண்டும். வராவிட்டால் ஆனியோடு ஒப்பந்தம் முடியும். அதை அவள் வீட்டில் இரண்டு தரம் சொன்னாள். இரண்டு தரமும் தொலைக்காட்சியில் வன்னிச் சண்டைச் செய்தி போய்க்கொண்டிருந்தது. மாமாவின் மனைவி குணவதி மாமியின் தங்கை கமலாம்பிகை அங்கே புதுக்குடியிருப்பிலிருந்து மாசியில் ஒருமுறை போனில் பேசியதுதான், பிறகு ஒரு சத்தமும் இல்லை.

சனம் ஆயிரக்கணக்கில் சாகிற நேரத்தில் எட்டாம் இடத்தைப் பற்றி யோசிக்கிறவள் எப்படிப்பட்டவள் என்று தனுஷிகா தன்னையே கேட்டுப் பார்த்தாள். விடை பிடிக்கவில்லை. ஆனாலும் யோசித்தாள்.

ஓட்டத்துக்கு முதல் நாள், சனிக்கிழமை காலை, கராஜைத் திறந்தால் சைக்கிள் சந்தனமும் குங்குமமும் பூசிக்கொண்டு நின்றது. ஹாண்டிலில் மல்லிகைச் சரம். முன்சில்லில் நசுங்கிய தேசிக்காயின் விதை.

"நேற்று றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போனனாங்கள்," என்றாள் மாமி. "தங்கச்சியின்ர பேரில அர்ச்சனை. அப்பிடியே உன்ர சைக்கிளையும் எங்கட வானில ஏத்திக்கொண்டு போய் ஒரு பூசை. புதுக் கார் எடுத்தால் செய்யிறேல்லையே?"

கோபிக்க முடியாது. துடைத்துவிட்டு ஓடைக்கரைப் பாதைக்கு எடுத்துப் போனாள். முதல் இறக்கத்தில் பிரேக்கை அழுத்தினாள், பிடிக்கவில்லை. இன்னும் இறுக்கி அழுத்தினாள், பற்றைக்குள் போய் விழுந்தாள். முழங்கையில் முள்ளோடு திரும்பி வந்தாள்.

"மாமி, சில்லுக்கு நடுவில இருக்கிற இந்தத் தட்டில என்ன பட்டது?"

"ஐயர் தண்ணி தெளிச்சவர். அதுக்குப் பிறகு கீச்சுக்கீச்செண்டு ஒரே சத்தம். எண்ணெய் விட்டனான்."

"என்ன எண்ணெய்?"

"விளக்குக்குக் கொண்டுபோன நல்லெண்ணெய். சுத்தமானது."

"எந்தச் சில்லுக்கு?"

"ரெண்டுக்கும்தான். ஒண்டுக்கு விட்டுட்டு மற்றதைப் பாத்துக்கொண்டு நிக்கிறதே?"

தனுஷிகா கராஜ் வாசலில் அப்படியே குந்தினாள். அந்தத் தட்டைப் பிடித்துத்தான் சைக்கிள் நிற்கிறது என்றும், பிடிக்கிற கட்டையில் எண்ணெய் ஊறினால் பிறகு அதை எறிய வேண்டியதுதான் என்றும் பொறுமையாகச் சொன்னாள். மாமி கேட்டுவிட்டு, "எங்கட சைக்கிளுகள் கீச்சிட்டால் எண்ணெய்தான் விடுறது," என்றாள்.

மாற்றுக் கட்டை ஒரு சோடிதான் இருந்தது. அதை முன்சில்லுக்குப் போட்டாள். பின்சில்லுக்குரியது டவுன்ரவுனில் ஒரு கடையில் இருந்தது, ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். மாமா வான் வண்டியை எடுத்துக்கொண்டு வன்னிக்காக யூனிவேர்சிற்றி அவெனியூவில் நடந்த ஆர்ப்பாட்டத்துக்குப் போய்விட்டார். பஸ், சப்வே என்று மாறி அவள் போய் இறங்கும்போது நாலு பத்து. கடை அதே ஆர்ப்பாட்டத் தெருவுக்கு அந்தப் பக்கம். இடையில் பறையும் பதாகையுமாகச் சனம். தோளால் இடித்துக்கொண்டு பாதி தூரம் போனபோது யாரோ கையைப் பிடித்தார்கள். மாமா.

"வந்திட்டியோ!" அவருடைய முகம் அப்படி மலர்ந்து அவள் கண்டதில்லை. பக்கத்தில் நின்றவரிடம் திரும்பினார். "இது என்ர மருமகள். சுவீடனிலயிருந்து வந்து நிக்கிறா."

"மாமா, நான் கடைக்குப் போறன், பிரேக்குக்கு—"

"இதை ஒருக்கால் பிடி. காலமையிலயிருந்து ஒண்டுக்குப் போகேல்லை. இப்ப வந்திடுவன்."

பதாகையை அவள் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதில் ஒரு குழந்தையின் படம், தலையில் துணி சுற்றியிருந்தது. அதைத் தரையில் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் நின்றவரிடம் கொடுக்கப் பார்த்தாள், அவரிடம் ஏற்கனவே இரண்டு இருந்தன. மாமா முக்கால் மணித்தியாலம் கழித்துக் கோப்பியோடு வந்தார், அவளுக்கும் ஒன்று. வரிசை நீளமாம். அவள் போய்ச் சேரும்போது சைக்கிள் கடை பூட்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து பழைய கட்டைகளை அடுப்பில் வைத்துச் சுட்டாள். எண்ணெய் எரிந்துபோனால் கொஞ்சம் பிடிக்கும் என்று கேள்விப்பட்டிருந்தாள். வீடு முழுக்க நல்லெண்ணெய் வாசம். புகை அலாரம் கத்தியது. சுட்டதையே பின்சில்லுக்குப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஏற்றங்களில் அவள் முந்தினாள், இறக்கங்களில் மற்றவர்கள் அவளை முந்தினார்கள். மூன்றாம் சுற்று வரை ஏழாவது. நாலாம் சுற்றில் பின் பிரேக் முழுதாகக் கைவிட்டது. முன் பிரேக்கை மட்டும் நம்பி ஒரு வேரைத் தாண்டும்போது ஹாண்டிலுக்கு மேலால் பறந்தாள். எழும்பி ஓடி முடித்தபோது பத்தாவது.

வீட்டு வாசலில் மாமி நின்றாள். வாய்க்குக் கீழே நாடியில் கிடந்த காயத்தைப் பார்த்துவிட்டு, "பூசை வச்சபடியால் இவ்வளவோட தப்பினாய்," என்றாள்.

மாமாவோடு வானில் வரும் வழியெல்லாம் சொல்லக்கூடாது என்றுதான் தனுஷிகா நினைத்திருந்தாள்.

"அந்த எண்ணெயாலதான் மாமி விழுந்தனான். என்ர கொன்ராக்ற் முடிஞ்சுது."

"அப்ப நான்தான் உன்ர வேலையைக் கெடுத்தனோ?"

"ஓம்."

"அந்த மனேஜரின்ர நம்பரைத் தா. நான் கதைக்கிறன்."

"அங்க இப்ப சாமம், மாமி."

"தங்கச்சியைத் தேடி இந்தக் கிழமை நான் ஆரைத்தான் நித்திரையால எழுப்பேல்லை?"

நம்பரைக் கொடுக்கவில்லை. ஆனால் அன்றிரவு ஹென்றிக்குக்குத் தானே எழுதினாள். மூன்று வருஷத்தில் காலநிலை, நாடித்துடிப்பு, ஓட்டத்தில் வந்த இடம் தவிர வேறொன்றும் அவருக்கு எழுதியதில்லை. இப்போது எண்ணெயை விளங்கப்படுத்தக் கோயில் வேண்டியிருந்தது, கோயிலை விளங்கப்படுத்தத் தங்கச்சி, தங்கச்சிக்கு வன்னி. இரண்டு பக்கம் வந்தது. சாட்டுச் சொல்வதுபோலத்தான் இருந்தது. அனுப்பினாள்.

திங்கட்கிழமை தொலைக்காட்சியில், வன்னியில் எல்லாம் முடிந்தது என்றார்கள். மாமா ஆர்ப்பாட்டத்துக்கும் போகவில்லை, வேலைக்கும் போகவில்லை. செவ்வாய்க்கிழமை ஹென்றிக்கிடமிருந்து பதில் வந்தது. மாமி கணினிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்னவாம்?"

"குடும்பத்தை நினைக்கக் கவலையாயிருக்காம். முடிவு முடிவுதானாம்."

மாமி மேலே போய் ஒரு பிளாஸ்ரிக் பையோடு இறங்கி வந்தாள். தங்கச்சிக்காக அவள் எழுதிய இடங்களிலிருந்து வந்த கடிதங்கள்: எம்.பி., அமைச்சு, இரண்டு உதவி நிறுவனம். ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். மேலே கிடந்ததை எடுத்து விரலால் தொட்டுக் காட்டினாள்.

"இந்த வரியில கவலையாம். அடுத்த வரியில ஏலாதாம். எல்லாம் ஒரே மாதிரி. நான் ஒவ்வொண்டுக்கும் திருப்பி எழுதினனான்."

"எழுதி?"

"ஒண்டும் நடக்கேல்லை." கதிரையை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் போட்டு அதில் இருந்தாள். "நீ எழுது. நான் இருக்கிறன்."

தனுஷிகா பதிலைத் திறந்தாள். ஹென்றிக்கின் பெயரை எழுதி, ஒரு கொமா போட்டாள்.