பிழையே செய்யாத வீரரும் அவர் எட்டாத பந்துகளும்

மொன்றியல் பேஸ்பால் அணி ஊரை விட்டுப் போகப் போகிறது என்று 2004 கோடையில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அணி இருக்கும்போதே ஓர் ஆட்டம் பார்த்துவிட வேண்டும் என்று செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். கூட வந்தவர் மதி அக்கா. டவுன்டவுனில் நான் பகுதிநேர வேலை பார்த்த அலுவலகத்தில் பொறியாளர், யாழ்ப்பாணத்துக்காரர், பேஸ்பால் போலவே ஆடும் சாஃப்ட்பாலில் அலுவலக அணிக்காக இடது வெளிக்களத்தில் ஆடுபவர். ஆடியவர் என்பதே சரி. பிடிக்க வேண்டிய பந்தை விட்டதாகக் கணக்கில் ஏறும் பிழைகள் அதிகம் என்று அந்த வாரம்தான் அணித்தலைவர் லூக் அவரை வெளியே உட்காரவைத்திருந்தார்.

நான் தங்கியிருந்த சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ, மொன்றியல் தீவின் மேற்கு முனையில் இருக்கிறது. அங்கிருந்து பேருந்து, பிறகு பச்சைப் பாதை மெட்ரோ. மைதானத்துக்கு நாற்பது கிலோமீட்டர் போல. ஒன்றரை மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். மெட்ரோவிலிருந்து நேராக மைதானத்துக்குள் நடந்துவிடலாம், மழை பெய்தாலும் கவலையில்லை. நாங்கள் இடது வெளிக்களத்துக்குப் பின்னால் மலிவான இருக்கைகள் வாங்கினோம். பாதி மைதானம் காலி.

எதிரணியின் இடது வெளிக்கள வீரர் அந்தப் பருவத்தில் ஒரு பிழைகூடச் செய்யாதவர் என்று பக்கத்தில் இருந்தவர் பெருமையாகச் சொன்னார். மூன்றாவது இன்னிங்ஸில் அவருக்கு முன்னால் ஒரு பந்து தாழ்ந்து வந்தது. அவர் ஓடவில்லை, தரையில் பட்டு எழும்பியதும் நிதானமாக எடுத்து எறிந்தார்.

"ஏன்க்கா ஓடல? புடிச்சிருக்கலாமே."

"ஓடிப்போய் விட்டா பிழை. ஓடாட்டி அடிச்சவனுக்கு நல்ல அடி, இவருக்கு ஒண்டுமில்லை," என்றார் மதி அக்கா.

கொஞ்ச நேரத்தில் உள்ளூர் அணியில் வெளிக்களத்தின் நடுவில் நிற்கும் நடுக்கள வீரர் எங்கிருந்தோ ஓடி வந்து, பந்துக்குக் கீழே வசதியாக நின்று, கையுறையில் பட்டதை நழுவவிட்டார். ஸ்கோர் பலகையில் பிழை என்று விழுந்தது. வேகமாக வந்து சேர்ந்ததால் அது சுலபமான பந்தாகத் தெரிந்தது. வேறொருவராக இருந்தால் பக்கத்தில்கூட வந்திருக்க மாட்டார்.

 வெளியே வரும்போது மதி அக்கா, "நாளைக்கு லூக்கோட கதைக்கப்போறன். நீரும் வாரும்," என்றார்.

அன்றிரவு லொங்குய்யில் அவர் வீட்டிலேயே தங்கினேன். மைதானத்திலிருந்து வருபவர்கள் மஞ்சள் பாதைக்கு மாறினால் போதும், ஆற்றுக்கு அடியிலேயே அக்கரை வந்துவிடும்.

மறுநாள் காலை பூங்காவில் அலுவலக அணிக்கு ஆட்டம். லூக் ஆடுபவர்களின் பெயர்களைப் படிக்கத் தொடங்குமுன் அக்கா போய் நின்றார். பிரெஞ்சில் பேசியதை எனக்குப் பிறகு இப்படிச் சொன்னார்: "என்ர பிழையள எண்ணினீர், சரி. நான் ஓடிப் பிடிச்சதில எத்தினைய மற்ற ஆக்கள் எட்டியிருப்பினம்? எனக்கு நடுக்களம் தாரும்."

இடம் போனவர் அதைவிடப் பெரிய, அதிகம் ஓட வேண்டிய இடத்தைக் கேட்கிறார். லூக் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு கொடுத்தார்.

இரண்டாவது இன்னிங்ஸிலேயே அக்கா ஒரு பந்தை நழுவவிட்டார்.  அவர் லூக்கைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அடுத்ததற்கும் அதே வேகத்தில் ஓடினார், பிடித்தார். ஐந்தாவதில் தூரத்திலிருந்து எறிந்து, ஓட்டத்தை முடிக்க வந்த ஒருவரை வீட்டுத்தளத்தில் வீழ்த்தினார்.

கடைசி இன்னிங்ஸ். ஓர் ஓட்டம்தான் முன்னிலை. எதிரணிக்காரர் ஒருவர் மூன்றாம் தளத்தில் நிற்கிறார். பந்து உயரமாக நடுக்களத்துக்குப் போனது. அக்கா பிடித்தார். பிடித்த உடனே தளத்தில் நிற்பவர் ஓடலாம் என்பது விதி. ஓடி வீட்டுத்தளம் சேர்ந்துவிட்டால் ஆட்டம் சமன். மூன்றாம் தளத்தில் நின்றவர் இரண்டடி வைத்தார், அக்காவின் கையைப் பார்த்தார், தளத்துக்கே திரும்பிவிட்டார். அடுத்தவர் சுலபமாக ஆட்டமிழந்தார். ஜெயித்தோம்.

அன்றைய கணக்கில் மதி அக்கா பெயருக்கு நேரே பிழை ஒன்று இருந்தது. மூன்றாம் தளத்தில் நின்றவரை ஓடவிடாமல் நிறுத்தியதை எழுத அதில் கட்டமே இல்லை. லூக் அடுத்த வாரமும் நடுக்களம் என்றார். "ஓம், தெரியும்," என்றார் அக்கா.

பேஸ்பால் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: வெளிக்களத்துக்குப் பக்கத்தில் இருக்கை வாங்குங்கள். பந்து மட்டையில் படும் சத்தம் கேட்டதும் பந்தைத் தேடாதீர்கள். யார் முதலில் கிளம்புகிறார் என்று பாருங்கள்.