யாரும் பொய் சொல்லாத கதைக்கு ஒரு நீதி

அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல் பள்ளி ஒன்றில் நான் தமிழாசிரியர். தகுதிகாண் பருவம் முடியவில்லை. கல்வித்துறை இன்ஸ்பெக்டர் என் வகுப்பில் உட்கார்ந்து பார்த்து 'நன்று' என்று எழுதினால் வேலை நிரந்தரம். எழுதாவிட்டால் பருவத்தை நீட்டிக்கலாம். விதி அப்படி.

இன்ஸ்பெக்ஷன் அன்று, ஏற்கெனவே நடத்திய பாடத்தைப் புதிதுபோல நடத்துவது எங்கள் வழக்கம். என்மேல் உள்ள அக்கறையில் தலைமையாசிரியர் இன்னொரு படி போய், எனக்குத் தெரியாமல் பையன்களுக்குப் பதிலும் ஒப்பிக்கக் கொடுத்திருந்தார்.

பாடம் ஒரு சிறுகதை. சந்தையில் விற்ற காளை மறுநாளே பழைய வீட்டுக்குத் திரும்பிவிடுகிறது. வாங்கியவன் தேடி வருகிறான். விற்றவன் காளைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, கயிற்றை அவன் கையில் கொடுக்கிறான். அவ்வளவுதான்.

"விற்றவர் ஏன் தண்ணீர் காட்டினார்?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

முன்வரிசைப் பையன் கைகட்டி எழுந்தான். "உண்மையே பேச வேண்டும் என்பதே இக்கதையின் நீதி அய்யா."

கதையில் யாரும் பொய் சொல்லவில்லை. வாயையே திறக்கவில்லை. ஆனாலும் இன்ஸ்பெக்டர் முகம் மலர்ந்து பேனாவைத் திறந்தார். அவர் காதுக்கு நீதி என்ற சொல் போதும்.

நான் சும்மா இருந்திருந்தால் காரியம் முடிந்திருக்கும். "மன்னிக்கணும் சார், பதில் தப்பு," என்றேன். வகுப்பைப் பார்த்து, "ஒப்பிச்சதை விடுங்க. தண்ணி காட்டுனது சரியா?"

பக்கத்துக் கிராமமான சாணார்பட்டிப் பையன் ஒருவன் எழுந்தான்.

"தப்பு அய்யா. காட்டுனா மறுபடியும் வந்து நிக்கும்."

"ஏலே, தாகத்தோட பத்தி விடுவியா? நீயெல்லாம் மனுசனா?" என்றது பின்வரிசை.

"அதான் வித்தாச்சுல்ல? வாங்குனவன் காட்டட்டும்."

"வித்தது மாட்டுக்குத் தெரியுமாலே?"

அந்தக் கேள்வியில் வகுப்பு இரண்டாகப் பிரிந்து கத்தியது. உரிமை எது, உறவு எது என்று நான் கல்லூரியில் தத்துவ நூல்களில் கொட்டாவி விட்டுப் படித்ததை, இவர்கள் வீட்டுப் பேச்சுத் தமிழில் பெஞ்சைத் தட்டிக் கேட்டார்கள். ஒப்பித்தபோது இருந்தது யாருடைய தமிழோ. இப்போது பேசியது அவர்களுடையது. இலக்கியம் கற்பிக்க இதைவிட வேறு காரணம் எனக்கு இன்றுவரை தெரியாது.

இன்ஸ்பெக்டர் 'வகுப்பில் கட்டுப்பாடு இல்லை' என்று எழுதிவிட்டுப் போனார்.

"நன்றுன்னு வாங்கிட்டு உக்கார வேண்டியதுதானே தமிழய்யா? ஊரே செய்றதைத்தானே நானும் செஞ்சேன்?" என்றார் தலைமையாசிரியர்.

"ஊரே செஞ்சாலும் அது பாடம் இல்ல சார்."

பருவத்தை நீட்டித்தார்கள். நீட்டிக்க விதி இருந்தது; என்னை வருந்த வைக்க விதி இல்லை. அந்தக் கூடுதல் காலத்தில் அடுத்த வகுப்புக்கும் அதே கதையை நடத்தினேன், ஜன்னல்களைத் திறந்து வைத்து. சத்தம் தலைமையாசிரியர் அறைவரை கேட்டது.