மூன்றாம் தட்டில் என் மகள்

நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்று தெரியும், எனக்கே சில நாள் சந்தேகம் வருகிறது. ஆவி, பேய் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறவள் நான். எம்.ஏ. வரலாறு படித்தவள், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள். ஆனாலும் நடந்தது நடந்ததுதான்.

ஏலப்பாறைக்கு மேலே எங்கள் எஸ்டேட்டில் ஒரு பழைய பிள்ளைப்புரை இருக்கிறது. கொழுந்து கிள்ளப் போகும் பெண்கள் ஒரு காலத்தில் கைக்குழந்தைகளை ஆயாக்களிடம் விட்டுச்சென்ற அறை. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களில் வீடு வீடாகக் கேட்டு வாங்கிய பழைய போட்டோக்களை இப்போது அங்கே பாதுகாக்கிறோம். இந்த மலைக்கு முதலில் வந்தவர்களின் முகங்கள் அவை, வேறு பிரதி கிடையாது. பொறுப்பு என்னுடையது. ஈரத்துக்குப் பயந்து இரும்பு ரேக்கைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்தி, கீழ்த்தட்டைக் காலியாக விட்டு, மேலேதான் பெட்டிகளை அடுக்கியிருந்தேன்.

அன்று மத்தியானம் சோறு கொண்டுவந்த என் மாமியார், பாயில் தூங்கிய என் ஐந்து மாத மகளைப் பார்த்தார்.

“நல்லாருக்கு புள்ள ஒன் நியாயம்! போட்டோவ மேல ஏத்திட்டு, பெத்தத தரையில போட்டுருக்க.”

“பாய் விரிச்சிருக்கேன்ல அத்த.”

“ஆமா, பெரிய பாயி.”

அவர் போனபின் மனசு கேட்கவில்லை. நான் நல்ல தாய்தானா என்று குழம்பியபடி குழந்தையின் மூச்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். வெளியே மழை வலுத்தது, மூடுமஞ்சு இறங்கி அறை இருட்டிவிட்டது. குளிருக்குச் சாக்ஸ் போட்டிருந்த காலை நாற்காலியில் மடக்கி உட்கார்ந்தவள் எப்போது கண்ணயர்ந்தேனோ தெரியாது.

விழித்தபோது கதவடி வழியாகப் பக்கத்து ஓடைத் தண்ணீர் புகுந்து, பாய் மிதந்துகொண்டிருந்தது. பாயில் பிள்ளை இல்லை.

குதித்து இறங்கித் தண்ணீரைத் துழாவினேன். அப்போது தலைக்கு மேலே ஒரு சின்னக் கொட்டாவி.

ரேக்கின் மூன்றாம் தட்டில் அவள் படுத்திருந்தாள். இன்னும் தவழக்கூடத் தெரியாதவள். போட்டோ சுற்றும் மல்துணியில் கை வெளியே வராதபடி இறுகச் சுற்றியிருந்தது, எனக்கு அப்படிச் சுற்றத் தெரியாது. அந்தத் தட்டில் இருந்த பெட்டிகள் உச்சித்தட்டில், வரிசை கலையாமல், ஒரு சொட்டு ஈரமில்லாமல் இருந்தன.

குடையோடு ஓடிவந்த அத்தையிடம் அழுதுகொண்டே சொன்னேன். அவர் பிள்ளையை வாங்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

“நீதாண்டி பதட்டத்துல தூக்கி வச்சிருப்ப. பெத்தவளுக்கு அந்நேரம் என்ன நெனவு இருக்கும்?” என்றவர், தாழ்ந்த குரலில், “எத்தன புள்ளைகளத் தூக்குன கைக இருந்த எடம் இது” என்றார்.

தூக்கக் கலக்கத்தில் நானே செய்திருப்பேன் என்றுதான் நானும் நினைத்துக்கொள்ளப் பார்க்கிறேன். ஆனால் நாற்காலியிலிருந்து குதித்த அந்த நொடி இன்றும் நினைவிருக்கிறது. தண்ணீரில் இறங்கும்வரை என் சாக்ஸ் காய்ந்துதான் இருந்தது.