சூனியவாதி வீட்டுச் சம்பந்தம்

தத்துவம் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவன் தேர்தல் காலத்தில் ஊரில் இருக்கக் கூடாது. அறுபதுகளில் சென்னைக் கல்லூரி ஒன்றில் நான் தத்துவ ஆசிரியன், வீடு திருவள்ளூரில். தாம் படித்த சொல் தெருவில் அடிபடுவதைக் கேட்டுப் பல்லைக் கடித்த சக நோயாளிகளே, கேளுங்கள்.

ரயிலில் பொருள்முதல்வாதம்

செவ்வாப்பேட்டையில் ஏறும் குமாஸ்தா ஒருவர், எதிர்க்கட்சிக்காரர் ஒருவரைப் பிடித்துக்கொண்டார். "நீங்கல்லாம் பொருள்முதல்வாதிங்க! துட்டு இருந்தாதான் உங்களுக்குக் கட்சி!" மற்றவர் கண் கலங்கிவிட்டார். "சத்தியமா ஒரு பைசா வாங்கினதில்லீங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. "அது பணத்தாசை இல்லை சார். உலகத்தில் ஜடப்பொருள்தான் முதலில், எண்ணமெல்லாம் அதற்கப்புறம் என்கிற கொள்கை" என்றேன். ஆவடி வந்ததும் குமாஸ்தா என் பக்கம் சாய்ந்து கேட்டார்: "சார், நீங்க எவ்ளோ வாங்கினு அவுங்களுக்குப் பேசறீங்க?"

இயக்கவியல்

உள்ளூர்க் கட்சிச் செயலாளர் ஜவுளிக்கடைக்காரர். இளைஞர் கூட்டத்தில் 'இயக்கவியல்' பற்றிப் பேச அழைத்தார். மகிழ்ந்து போனேன். எதற்குள்ளும் முரண்பாடு உண்டு, அது முற்றி மோதும், மோதலில் பழையது போய்ப் புதியது வரும் என்று விளக்கினேன். பேசப் பேச அவர் முகம் கறுத்தது. இயக்கம் என்றால் அவருக்குக் கட்சிதான். அதை நடத்தும் வித்தையைச் சொல்வேன் என்று நினைத்திருக்கிறார். மேடையைவிட்டு இறங்கியதும் தனியே இழுத்துப்போனார்: "எங்க இயக்கத்துல கோஷ்டி கீதுன்னு உனுக்கு எவன் சார் சொன்னான்?"

சூனியவாதி

பஞ்சாயத்துத் தேர்தல். பக்கத்துக் கிராமத்தில் ஒரு வேட்பாளர், எதிர்த்து நின்ற நெல் விவசாயி முனிரத்தினத்தை, "எதைக் கேட்டாலும் இல்லை இல்லை என்கிற சூனியவாதி" என்று மைக்கில் முழங்கினார். ஊர் காதில் விழுந்தது 'சூனியம்' மட்டும். முனிரத்தினம் செய்வினை வைக்கிறார் என்ற பேச்சு பள்ளிப்பட்டு வரை போக, அவர் மகளுக்கு அங்கே நிச்சயித்திருந்த கல்யாணம் நின்றது.

முனிரத்தினம் என் வீட்டுக்கு வந்தார். "அந்த வார்த்தைக்கு இன்னா சார் அர்த்தம்? எம்பொண்ணு சோறு துன்னல சார்."

என் எரிச்சலெல்லாம் வேறு மாதிரி ஆயிற்று. அன்றே அவரோடு பள்ளிப்பட்டுக்கு பஸ் ஏறினேன். மாப்பிள்ளையின் அப்பாவிடம், சூனியவாதம் என்பது பழைய பௌத்தத் தத்துவம், எலுமிச்சம்பழத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று தொண்டை வறளச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர், முகம் தெளிந்து சிரித்தார்: "தத்துவம்தானா? அப்ப பரவால்ல நைனா, அதால யாருக்கும் ஒண்ணும் ஆவாது."

தையில் கல்யாணம் நடந்தது, தேர்தலிலும் முனிரத்தினமே ஜெயித்தார், ஏனென்றால் சூனியக்காரரைப் பகைத்துக்கொள்ள ஊரில் ஒருவருக்கும் தைரியமில்லை.