பூஞ்சைக்குப் போட்ட பந்தல்

ஊரே மழைக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வருஷத்தில், என் அத்தை எங்கள் கடலைக் கொல்லையின் ஒரு மூலையில் மழை விழாமலிருக்கப் பந்தல் போட்டார். மூங்கில் கால், மேலே வெளிச்சம் விடும் பாலிதீன் தாள். அப்பாவின் தங்கையான அவர் கல்லூரியில் மண்ணிலுள்ள பூஞ்சைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். மழை பொய்த்துக்கொண்டே போனால், வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சை பயிரைக் காப்பாற்றுமா, கைவிடுமா என்பது அவருடைய கேள்வி. அதனால் பந்தலுக்குள் இருந்த பாத்திகளுக்கு மழையும் கிடையாது, போர்த் தண்ணீரும் கிடையாது.

"பூசணத்தப் பாக்க இம்புட்டுப் பாடா? ஊறுகாச் சாடியத் தெறந்தாத் தெரியுமே," என்றார் பெரியப்பா. எங்கள் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். அப்பா அவர் முன்னால் உட்காரக்கூட மாட்டார். எதைச் சொன்னாலும் "சரிண்ணே" என்பதோடு சரி.

அந்தப் பெரியப்பா திருக்கோகர்ணத்தில் மாப்பிள்ளை பார்த்துப் பேசி முடித்துவிட்டார். கடலை பறிக்கும்போது ஆராய்ச்சி முடிந்துவிடும். முடிந்த கையோடு கல்யாணம். அதன் பிறகு மண்ணள்ளுகிற வேலையெல்லாம் ஆகாது என்பது மாப்பிள்ளை வீட்டார் போட்ட நிபந்தனை. அப்பா அதற்கும் "சரிண்ணே" என்றார். அத்தை அன்று சாப்பிடவில்லை. எனக்கோ பட்டுப்பாவாடை கிடைக்கப்போகிற சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

கடலைச் செடியில் பூ முடிந்து, காய் பிடிக்க விழுது மண்ணுக்குள் இறங்குகிற சமயம். பள்ளிக்கூடம் விட்டு அத்தையோடு கொல்லைக்குப் போனேன். பந்தலுக்குள் பாத்தி நிறையத் தண்ணீர். பக்கத்தில் அப்பா மண்வெட்டியோடு நின்றார்.

"வரப்பு ஒடஞ்சிருச்சு ஆத்தா," என்றார் அத்தையிடம். "மோட்டாரப் போட்டுட்டு அங்கிட்டுப் போயிட்டேன். கவனிக்கல."

அத்தை குனிந்து உடைப்பைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "இனி அடுத்த வருசந்தாண்ணே. மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

"ஆரம்பி. நெலம் எங்கிட்டுப் போயிரப்போகுது?"

பாவாடை போய்விட்டதே! எனக்கு வந்தது கோபம். "தண்ணி கட்டக்கூடத் தெரியலையாப்பா ஒங்களுக்கு?" என்று கத்தினேன். அத்தை என்னை அதட்டாமல் சிரித்தார். கண் மட்டும் கலங்கியிருந்தது.

பெரியப்பா அப்பாவை வாசலில் நிறுத்தி வைத்துத் திட்டினார். "ஒரு வரப்பக் காக்க வக்கில்ல, நீயெல்லாம் வெவசாயி!" அப்பா வழக்கம்போல "சரிண்ணே" என்று கேட்டுக்கொண்டார். அன்றைய மீன் குழம்பில் பெரிய துண்டு அப்பாவின் தட்டுக்குப் போனது. வைத்தது அத்தை.

மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்கவில்லை. வறட்சியில் சில பூஞ்சைகள் செத்தன, சில வேரை விடாமல் பிடித்துக்கொண்டன என்று அத்தை எழுதிப் பட்டம் வாங்கினார். இன்றும் மண்ணள்ளிக்கொண்டுதான் இருக்கிறார். பிறகு வாய்த்த மாமா பந்தலுக்குக் கால் நட்டுக் கொடுக்கிறார்.

அப்பா தண்ணீர் கட்டினால் ஒரு சொட்டு வழி தவறாது என்பது எங்கள் குன்றாண்டார்கோவில் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அன்று அந்த உடைப்பை நானும்தான் பார்த்தேன். தண்ணீர் அரித்த வரப்பென்றால் கரைந்து சரிந்து கிடக்கும். அது மண்வெட்டி அகலத்துக்கு நேராக இருந்தது. பாவாடைத் துக்கத்தில் அது என் கண்ணில் பட்டும் புத்தியில் படவில்லை.